நாலாம் தூண் பேசவில்லை

மார்ச் 4

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். பிடிக்கவில்லை, அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். நீயும் கண்டுபிடித்திருப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படித்தாக வேண்டும்.

நேற்றுக் காலையில் எங்கள் இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ரயில்வே கடிதத்தாள். 'ஆற்றுப் பாலத்தில் பொருத்தப்பட்டுள்ள கண்காணிப்புக் கருவிகளை நம்பிப் பாலத்தின் நிலையைச் சொல்ல இயலாது' என்று நாலே வரி. கீழே உன் கையெழுத்து. அந்தக் கோணல் சுழி எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தைப் போட உன்னைப் பழக்கிவிட்டதே நான்தானே. "இவர் உங்க தம்பிதானே மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசியது.

இன்னும் ஐந்து பாலங்களுக்கு அதே கருவிகளைப் பொருத்தும் ஒப்பந்தம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. ஏழு வருஷம் உழைத்தது. அதை நாலு வரியில் குழிதோண்டிப் புதைக்க ஊரில் வேறு ஆளா இல்லை? கூடப் பிறந்தவன்தான் வேண்டுமா?

இந்தக் கருவி வேண்டும் என்று முதலில் கேட்டது யார்? பாலத்தின் அடியில் கயிற்றில் தொங்கி பேட்டரி மாற்றிய உன் ஆள் விழுந்து இடுப்பு உடைந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எனக்குப் போன் செய்து அழுதது யார்? "அக்கா, பேட்டரியே மாத்த வேணாத மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு. இனி ஒருத்தனையும் நான் அங்க தொங்க விடமாட்டேன்" என்றாய். பண்ணிக் கொடுத்தேன். ரயில் ஓடும்போது பாலம் அதிர்கிறதே, அந்த அதிர்விலிருந்தே கருவி தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அது போதாமல் பசித்தால் சார்ஜ் வண்டியைக் கூப்பிடுகிறது. வண்டி பாலத்தின் இரும்பு உத்தரமான கர்டருக்கு அடியில், தனக்கென்று போட்ட சின்னத் தண்டவாளத்தில் தானாகவே ஓடி வந்து, எதிரில் நின்று, கம்பியில்லாமல் ஊட்டிவிட்டுப் போகிறது. ஒரு மனிதன் கையை நீட்ட வேண்டியதில்லை.

இதில் எது நம்ப முடியாதது? விளக்கம் எனக்கு வரவேண்டும். என் இயக்குநருக்கு அல்ல.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

கடைசிவரை படித்தேன். இரண்டு தடவை. குறுக்கே பேச ஆளில்லாமல் நீ எவ்வளவு நீளமாகத் திட்டுவாய் என்பது இப்போதுதான் தெரிந்தது.

முதலில் உன்னிடம்தான் கேட்டேன். பிப்ரவரியில் மூன்று தடவை. ஒருமுறை மீட்டிங்கில் இருந்தாய். ஒருமுறை விமானம் ஏறப்போனாய். மூன்றாம் முறை "கண்காணிப்புத் திரை என்ன சொல்லுது? பச்சைதானே? அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டாய். கரடியாகக் கத்தியும் காதில் விழாத இடத்தில் நீ உட்கார்ந்திருந்தால் நான் உன் இயக்குநரிடம்தான் போவேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஜனவரியில் நாலாம் தூணின் மேல் கர்டர் உட்கார்ந்து நகர்ந்துகொடுக்கும் பேரிங்கின் ஓரத்தில் சிவப்பாகத் துருப்பொடி கொட்டிக் கிடந்தது. இரும்போடு இரும்பு தேய்ந்தால்தான் அப்படிக் கொட்டும். அன்றைக்கே நாலாம் தூணிலிருந்து அக்கரை வரை ரயில்கள் நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அந்த இடத்தில் மட்டும் உன் கருவிகள் எட்டு இருக்கின்றன. எட்டும் திரையில் பச்சை. அன்றும் பச்சை, இன்றும் பச்சை. பொடி மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

எங்கள் தலைமைப் பொறியாளருக்கு அந்தப் பச்சை போதும். ரயில்கள் தாமதமாகின்றன என்று மேலிடத்தில் அவரைக் காய்ச்சுகிறார்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முழு வேகத்துக்குத் திறந்துவிட வேண்டும், நான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். "உங்க அக்கா பண்ணின மெஷினே நல்லாருக்குன்னு சொல்லுதே, உங்களுக்கு என்னய்யா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள்.

உன் சார்ஜ் வண்டியைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். மூன்றாம் தூணுக்கு ஓடுகிறது, நிற்கிறது, திரும்பிவிடுகிறது. நாலாம் தூண் பக்கம் அது எட்டிப்பார்த்து மாதக்கணக்காகிறது. வண்டி பழுது. அதை ஒத்துக்கொள்ள உனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

என் கேள்வி ஒன்றுதான். பச்சை என்றால் பாலம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா, இல்லையா? ஒரு வரியில் பதில் எழுது. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வண்டி பழுதாம்.

வண்டியின் பதிவுகள் முழுவதையும் இங்கிருந்தே எடுத்துப் பார்த்தேன். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. நாலாம் தூண் கருவிகள் அதைக் கூப்பிடவில்லை, அதனால் அது போகவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழாத பிள்ளையின் வாயில் போய்த் திணிக்க வண்டியில் அவ்வளவு மின்சாரம் கிடையாது.

அடுத்து நீ என்ன கேட்பாய் என்று தெரியும். 'கருவி ஏன் எதுவும் சொல்வதில்லை?' சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் சொல்வதில்லை. ரயில் அதிரும்போது விழிக்கும், அளக்கும், அளவு சரியாக இருந்தால் மறுபடி தூங்கும். தப்பாக இருந்தாலோ பசித்தாலோ மட்டும்தான் வாயைத் திறக்கும். இதற்கு முன்பு செய்த மாதிரியில் ஒவ்வொன்றும் தினமும் ஒருதடவை 'இருக்கிறேன்' என்று சொல்லும். சும்மா சொல்வதற்கே சேர்த்த மின்சாரத்தில் பாதி போயிற்று. அந்த வெட்டிப் பேச்சை எடுத்தது நான்தான். அதற்காகத்தான் எனக்கு அந்த விருதே கொடுத்தார்கள். நீ விழாவுக்கு வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றாய். உனக்கு எப்போதும் தண்ணீர் ஏறும்.

ஒரு வரிப் பதில்: பச்சை என்றால் கருவி தப்பாக எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது நான் கேட்கிறேன். உன் ஆட்கள் போன வருஷம் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தார்களே, வெள்ளி நிற பெயின்ட். அதில் உலோகத்தூள் இருக்கும். கருவியின் முகத்தில் அதைப் பூசினால் வண்டி பக்கத்திலேயே நின்றாலும் சார்ஜ் ஏறாது. முகத்தை மூடிவிட்டு அடிக்கச் சொல்லி எழுதியிருந்தேன். மூடினார்களா? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டாதே. போய்ப் பார்த்துவிட்டு எழுது.

அம்மாவிடம் நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? போனில் என்னிடம் ஆம், இல்லை என்று மட்டும் பேசுகிறாள்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

போய்ப் பார்த்தேன். நானேதான் கயிற்றில் இறங்கினேன். இனி ஒருத்தனையும் தொங்கவிட மாட்டேன் என்று சொன்னவன் நான், அதனால் வேறு யாரையும் அனுப்ப வாய் வரவில்லை. மேஸ்திரி மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பெயின்ட் இல்லை. எட்டுக் கருவிகளின் முகமும் துடைத்த கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது. என் ஆட்கள் நீ எழுதியதைச் செய்திருக்கிறார்கள். அவர்களிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், கேட்டால் பயந்துவிடுவார்கள்.

கையோடு மீட்டர் கொண்டுபோனேன். எட்டிலும் சொட்டு மின்சாரம் இல்லை. புரிகிறதா? பசிக்கவில்லை என்று நீ எழுதினாயே, அவை செத்துக் கிடக்கின்றன. செத்த பிள்ளை எப்படி அக்கா அழும்? எத்தனை வாரமாகச் செத்துக் கிடக்கின்றனவோ, கடைசியாகச் சொன்ன பச்சையையே உன் திரை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது.

நான் தொங்கிக்கொண்டிருந்தபோதே ஒரு பாசஞ்சர் வந்தது. நான் வைத்த வேகக் கட்டுப்பாட்டில் அது ஊர்ந்து ஊர்ந்து கடந்தது. ஜன்னலில் ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டி முடிக்கும்வரை நேரம் இருந்தது. நான் பிடித்திருந்த இரும்பு லேசாகக்கூட அசையவில்லை. மூன்றாம் தூணுக்குத் திரும்பி, அங்கே அதே ரயில் பிரேக் போட்டபோது எப்படி இருந்தது என்று அங்கே நின்ற என் ஆளைக் கேட்டேன், பல்லெல்லாம் ஆடியது என்றார். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பயந்துபோயிருந்தேன், அதனால் எல்லாமே ஞாபகம் இருக்கிறது.

மேலே வந்ததும் தலைமைப் பொறியாளரிடம் சொன்னேன். அனுமதி இல்லாமல் இறங்கியது குற்றம் என்று எனக்குக் கட்டாய விடுப்புக் கொடுத்துவிட்டார். என் இடத்தில் உதவிப் பொறியாளர் கையெழுத்துப் போடுவார். பாவம், அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. எதை நீட்டினாலும் போடுவார்.

இன்னொன்று. நேற்று அம்மாவின் மிஸ்டு கால் வரவில்லை. உனக்கும் வந்திருக்காது. அப்பா போனதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நம் இருவருக்கும் ஒவ்வொரு ரிங் விட்டு 'நான் நல்லாருக்கேன்' என்று சொல்பவள். நேற்று இல்லை என்றதும் நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி ஓடவைத்தேன். அவர் போனபோது நீ ஏற்கெனவே மாடி வீட்டுப் பெண்ணை அனுப்பியிருந்தாயாம். அம்மா கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டுப் பேசாம இருப்பீங்க, நான் மட்டும் தினமும் மணியடிக்கணுமா?" என்று கேட்டாளாம். கோபத்தில் போனை அணைத்து வைத்திருக்கிறாள்.

அம்மா ஒரு ராத்திரி பேசவில்லை என்றதும் நீ ஊரைக் கூட்டினாய். எட்டுக் கருவிகள் வாரக்கணக்கில் பேசவில்லை. அதற்கு நீ பச்சை போட்டாய். வெட்டிப் பேச்சு என்று நீ வெட்டி எறிந்தது அந்த மிஸ்டு காலைத்தான். அதற்கு உனக்கு விருது வேறு.

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

பாலத்துக்கு அவசரமானதை நேற்றே உங்கள் தலைமைப் பொறியாளருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். எங்கள் இயக்குநரிடம் கேட்கவில்லை. இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

உன் கடிதத்தில் எதற்கு எழுதினாய் என்று தெரியாமல் நீ எழுதிய அந்த நாலு வரியில்தான் விஷயம் இருந்தது. ரயில் ஊர்ந்தது. இரும்பு அசையவில்லை. கருவியின் சாப்பாடே அந்த அசைவுதான். அதை எழுப்புவதும் அந்த அசைவுதான். நடை வேகத்தில் போகிற ரயில் அதற்கு ஊட்டவும் இல்லை, தட்டி எழுப்பவும் இல்லை. எழுந்திருந்தால்தானே பசி தெரியும், வண்டியைக் கூப்பிடும்? தூக்கத்திலேயே சொட்டுச் சொட்டாகத் தீர்ந்து செத்துப் போயிற்று. ஜனவரியில் அது கடைசியாக அளந்தபோது தேய்மானம் ஆரம்பம்தான், எல்லையைத் தாண்டவில்லை, அந்தப் பச்சைதான் திரையில் நின்றுவிட்டது. மூன்றாம் தூண்வரை ரயில் பிரேக் போட்டு நன்றாக உலுக்குகிறது, அங்கே எல்லாம் கொழுத்துத் திரிகின்றன.

பாலத்துக்கு எங்கே நோயோ அங்கேதான் நீ ரயிலை மெதுவாக விடுவாய். எங்கே மெதுவாக விடுவாயோ அங்கேதான் என் கருவி பட்டினி கிடக்கும். காவல் எங்கே வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் காவல்காரனைச் சாகடித்திருக்கிறோம். நீ உத்தரவு போட்டபோது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வண்டியை அங்கே தினமும் போகச் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. அதற்கு உன்மேல் எனக்குக் கோபம். பேசாதவன் நன்றாக இருக்கிறான் என்று விதி எழுதி வைத்தது நான். அதற்கு யார்மேல் கோபப்படுவது என்று இரண்டு நாளாக வீட்டில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட ஒரு வரி. இதையேதான் மின்னஞ்சலிலும் எழுதினேன், பெயர் போட்டு, பதவி போட்டு: பச்சை என்றால் பாலம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

செய்ய வேண்டியது இது. வண்டிக்குப் புதுக் கட்டளை எழுத நாளாகும், அதனால் அதை மேலிருந்து நீளக் கம்பால் தள்ளி நாலாம் தூணில் ஒவ்வொரு கருவிக்கும் எதிரில் நிறுத்துங்கள். வயிறு நிறைந்தால் தானாகவே விழிக்கும். பிறகு ஒரே ஒரு ரயிலை, காலி ரயிலை, கொஞ்சம் வேகமாக விடுங்கள். பேரிங் சரியாக இருந்தால் அவை பேசாது. பேசினால் உன் துருப்பொடி சொன்னது உண்மை.

இயக்குநர் இன்று காலை என்னோடு பேசினார். ஐந்து பாலங்களும் போயின. அவர் கத்தவில்லை, அதுதான் எரிச்சல். உனக்கு இப்போது திருப்தியா என்று கேட்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். கேட்கவில்லை. நீ மறுபடி கயிற்றில் இறங்கினாய் என்று தெரிந்தால் மட்டும் அங்கே வந்து உன்னை ஆற்றில் தள்ளுவேன்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

விடுப்பில் இருப்பவன் பாலத்தில் கால் வைக்கக்கூடாது என்றார்கள். கரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மேஸ்திரியும் உதவிப் பொறியாளரும் வண்டியைத் தள்ளினார்கள். உன் மின்னஞ்சலின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த உதவிப் பொறியாளர், அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நான் அவரைப் பற்றி எழுதியதை அடித்துவிடு.

ஒவ்வொரு கருவிக்கும் எதிரில் வண்டி வெகுநேரம் நின்றது. பிறகு காலி ரயிலை விட்டார்கள். அது நாலாம் தூணைத் தாண்டவே இல்லை, அதற்குள் ஓட்டுநரை நிறுத்தச் சொல்லிக் கொடி காட்டிவிட்டார்கள். எட்டில் ஏழு ஒரே நேரத்தில் கத்தியிருக்கின்றன. எட்டாவது எழவே இல்லை. பேரிங் இறுகிப்போய் அசையவே இல்லை. அது தாங்க வேண்டியதைக் கர்டர் தாங்கி, அடியில் என் முழங்கை நீளத்துக்கு விரிசல் ஓடியிருக்கிறது. எட்டாவது கருவி அந்த விரிசலின் மேலேயே ஒட்டியிருக்கிறது. நான் அன்று கயிற்றில் இறங்கியபோது கால் வைத்து நின்ற இடமும் அதுதான், அன்று பெயின்ட் மறைத்திருந்தது.

ஒன்றாம் தேதி முழு வேகத்தில் திறந்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது காலை பாசஞ்சர். டாட்டா காட்டிய குழந்தை எந்த ரயிலில் போகிறதோ எனக்குத் தெரியாது.

பாலத்தை மூடிவிட்டார்கள். ஊர் முழுக்கப் பஸ்ஸில் நசுங்கிப் போகிறது, என்னைத் திட்டுகிறது. திட்டட்டும், நசுங்கினாலும் போய்ச் சேருகிறார்களே. தலைமைப் பொறியாளர் பத்திரிகைக்காரர்களிடம், நவீனக் கருவிகளின் உதவியால் உரிய நேரத்தில் ஆபத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பேட்டி கொடுத்திருக்கிறார். வெட்கமே இல்லாமல் படத்துக்குச் சிரித்திருக்கிறார். என்னை வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த ஆளோடு வரவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு உன்மேல்தான் கோபம். பிப்ரவரியில் ஒருதடவை, ஒரே ஒருதடவை, "ஏன்டா கேக்குற?" என்று நீ திருப்பிக் கேட்டிருந்தால் போதும். உனக்கும் உன் பதவிக்கும் நடுவே நின்று நான் நாலு வரி எழுத வேண்டி வந்திருக்காது. ஐந்து பாலம் போனதற்கு எனக்குத் திருப்தியா என்று கேட்க நினைத்தாயே, கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருப்பேன்.

எட்டாவது கருவியை மேஸ்திரி கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார், என் மேசையில் இருக்கிறது. என்ன செய்வது?

தம்பி


மார்ச் 31

தம்பிக்கு,

எட்டாவதைத் தூக்கிப் போடாதே. பஞ்சில் சுற்றி எனக்கு அனுப்பு. அது எப்படிச் செத்தது என்று திறந்து பார்க்க வேண்டும்.

மற்ற ஏழுக்கும் 'இருக்கிறேன்' என்ற பேச்சைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். தினமும் ஒரு வார்த்தை. அதில் மின்சாரம் போகத்தான் செய்யும், போகட்டும். சொல்லாத கருவி இனி திரையில் பச்சையாக நிற்காது, கறுப்பாகும். வண்டியும் இனிமேல் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரும். விருதைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது, துடைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

"ஏன்டா கேக்குற" என்று நான் கேட்கவில்லை. ஆமாம். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு வரவில்லை.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எங்கள் இயக்குநரின் மேசையில் உன் கையெழுத்தைப் பார்த்த அந்த நிமிஷம் எனக்கு இன்னும் ஆறவில்லை. விரிசலின் மேல் நீ கால் வைத்து நின்றாய் என்று படித்ததிலிருந்து அந்தக் கோபம் இரண்டு மடங்காகியிருக்கிறது. அன்று அந்த இரும்பு பிளந்திருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உன் எண் தடுப்பில் கிடந்தது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை, சரி, முறைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான் என்று இருந்திருப்பேன்.

எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பேசுவதற்கு இல்லை, இன்னும் கொஞ்ச நாள் எனக்குப் பேச வராது. ராத்திரி சாப்பிட்டதும் ஒரு ரிங் விட்டு வை. எடுக்கமாட்டேன்.

வராத அன்றைக்குக் கூப்பிடுவேன்.

அக்கா